மேற்குச் சுவர் எழுதிய பதில்

இது நடந்தது. வேதகிரி சார் சொல்லிக் கேட்டது ஒருமுறை. அவர் மனைவி சசிரேகா சொல்லிக் கேட்டது ஒருமுறை. கொட்டகைக்குச் சொந்தக்காரர் மாசிலாமணி சொல்லிக் கேட்டது ஒருமுறை. மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். மணி, நிமிஷம்கூட மாறவில்லை. நம்பாதவர்கள் உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் இருக்கும் அந்தப் பழைய மோட்டார் கொட்டகையைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ராத்திரிக்குக் காத்திருக்க வேண்டாம். நடந்தது எல்லாமே பட்டப்பகலில்.

2025, மார்ச் முதல் வாரம்.

வேதகிரிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அந்த வட்டாரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு வருடமாகத் தமிழ்ப் பேராசிரியர். மனிதர்களைப் பார்த்தால் அவர் மூக்கு லேசாகச் சுருங்கும். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பிழை இருந்தால் அந்தக் கல்யாணத்துக்கே போகமாட்டார். கவிதையைக் கேட்டுவிட்டு மனைவி "நல்லா இருக்குங்க" என்றால், "எது நல்லா இருக்கு? சொல்லு பார்ப்போம்" என்று மடக்குவார்.

"சோறு ஆறிப்போறதுக்குள்ள முடிச்சீங்களே, அது" என்று சொல்லிவிட்டு சசிரேகா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. பழைய சீனக் கவிதை. சீன மொழி தெரியாது. ஆங்கிலத்தில் வந்ததை எல்லாம் வாங்கி முப்பது வருடமாகப் படித்து, தமிழில் எழுதி எழுதி வைத்திருந்தார். வகுப்பில் எதை ஆரம்பித்தாலும் சீனாவில் கொண்டுபோய்த்தான் முடிப்பார்.

அரசரின் கோபத்துக்கு ஆளான அதிகாரி அந்த நாட்டில் "என் பதவியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று நேராக எழுதமாட்டாராம். கணவன் கைவிட்ட பெண்ணின் குரலில் எழுதுவாராம். கணவன் என்றால் அரசர். அழுகிற பெண் என்றால் அதிகாரி. வராத கடிதம் என்றால் வராத பதவி. இன்னொரு வழக்கமும் உண்டு. வழிச் சத்திரத்துச் சுவரில் ஒருவர் பாட்டு எழுதிவிட்டுப் போவார். அதற்குப் பதில் எழுத நினைப்பவர், முதல் பாட்டின் அடிகள் எந்தச் சொற்களில் முடிந்தனவோ அதே சொற்களில், அதே வரிசையில் தன் அடிகளையும் முடிக்க வேண்டும். நட்புக்கும் எழுதுவார்கள். மூக்கை உடைக்கவும் எழுதுவார்கள்.

"இந்த மாதிரிப் பதில் எழுத அறுபது மைல் சுற்றளவில் ஒரு ஆள் கிடையாது" என்பார் வேதகிரி. அவர் குரலில் வருத்தம் இருக்காது. திருப்திதான் இருக்கும்.

அந்த மே மாதம் கல்லூரி முதல்வர் ஓய்வு பெறுகிறார். அடுத்த முதல்வர் யார் என்பதை, மார்ச் ஏழாம் தேதி நடக்கும் தன் மணிவிழாவில் அறிவிப்பதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். தாளாளர் நெல் வியாபாரத்தில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மேடையில் அவர் தப்பாகச் சொன்ன ஒரு செய்யுளை, மைக்கை வாங்கி வேதகிரி திருத்தினார். அடுத்த மாதமே துறைத் தலைவர் பொறுப்பு போனது. இந்த வருடம் மதிய வகுப்புகளும் போயின. எல்லாம் எல்லப்பனிடம் போயின. எல்லப்பனுக்கு நாற்பது வயது. அவனும் கவிதை எழுதுவான். வேதகிரியின் பாஷையில், அரிசி மூட்டைக்கு அடிக்க வேண்டிய வாசகத்தை மேடையில் வாசிக்கிறவன்.

முதல்வர் நாற்காலியில் எல்லப்பன் உட்கார்ந்தால், எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். அந்த ஒன்றை நினைத்தால்தான் வேதகிரிக்குத் தூக்கம் வரவில்லை.

மணிவிழாவில் கவியரங்கம் உண்டு. அங்கே, கைவிடப்பட்ட பெண்ணின் குரலில் ஒரு பாட்டு. தாளாளருக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் கண் கலங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். வீட்டில் மாடி கட்டுகிற வேலை, ஒரே சத்தம். அதனால்தான் மாசிலாமணியின் கொட்டகை.

மாசிலாமணி அங்கே ஆறு ஏக்கர் பயிர் வைப்பவர். அவர் மகனுக்கு வேதகிரி பாடம் எடுத்திருக்கிறார். மோட்டாரைப் புது ஆழ்துளைக் கிணற்றுக்கு மாற்றியபிறகு பழைய கொட்டகை சும்மாக் கிடந்தது.

"தாராளமா போய் எயுதுங்க சார். ஆனா அது ஒரு மாதிரி பாழடைஞ்சி கீது. காத்து மட்டும் நல்லா வரும்" என்றார்.

மார்ச் 3, திங்கள். பகல் 12.35.

வாசல் கிழக்கே இருந்தது. கதவில்லை. உள்ளே செங்கல் சுவர்கள், மேலே பாதிக்கு சிமெண்ட் ஷீட். மேற்குச் சுவர் மட்டும் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக இருந்தது. மற்றச் சுவர்களில் பூச்சே இல்லை. ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்திருக்கிற அழகைப் பார்த்து அவர் மூக்கு சுருங்கியது. மூலையில் யாரோ எப்போதோ அடுப்பெரித்த கரி கிடந்தது.

மேற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சில்லென்று இருந்தது. மாசி வெயிலுக்கு இதமாக இருந்தது. லேசான ஈரம். சாயச் சாயச் சற்றே உள்ளே வாங்குவதுபோல இருந்தது. மட்டமான கலவை என்று நினைத்தார். இந்த ஊர்க் கொத்தனார்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஒரு கருத்து உண்டு.

அவர் முன்னால் தரையில் அவருடைய நிழல் விழுந்திருந்தது.

1.20க்குப் பாட்டு முடிந்தது. கரியை எடுத்தார். சீனத்துச் சத்திரத்தில் நிற்பதாக எண்ணிக்கொண்டு, சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்.

*எண்ணெய் தீர்ந்தும் அணையாமல் எரிகிறதென் விளக்கு*
*நீ வரும் திசை பார்த்து நிற்கிறதென் வாசல்*
*ஊரெல்லாம் நனைந்தது, எனக்கில்லை உன் மழை*
*ஒருமுறை நீ அழைத்தால் உயிர் பெறும் என் பேர்*

விளக்கு அவருடைய படிப்பு. மழை தாளாளரின் கருணை. பேர் என்றால் முதல்வர் பதவி. ரொம்பப் பிடித்துப்போய் கைப்பேசியில் படம் எடுத்து சசிரேகாவுக்கு அனுப்பினார். மணி 1.32.

1.34க்குப் பதில் வந்தது. "வயல் நல்லா பச்சையா இருக்கு. டப்பாவுல மோர் மிளகாய் வெச்சேன், பார்த்தீங்களா?"

கவிதையை அனுப்பினால் வயலைப் பாராட்டுகிறாள். வேதகிரி ஒரு பெருமூச்சு விட்டார். இருபத்தெட்டு வருடக் குடித்தனம்.

படத்தை அவர் திறந்து பார்க்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய். பகல் 12.40.

அவருடைய நாலு அடிக்குக் கீழே இன்னொரு நாலு அடி இருந்தது.

கரியால்தான் எழுதியிருந்தது. வேறு கை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், உட்கார்ந்துகொண்டு எழுதியதுபோல.

*எண்ணெய் இல்லாம எரியுமா எங்கயாச்சும் விளக்கு*
*தாழ்ப்பாளே இல்லாதவளுக்கு ஏதுய்யா வாசல்*
*கூரைக்குக் கீழ குந்திக்கினு கேக்குற, உனக்கெதுக்கு மழை*
*உன் பேரைச் சொல்லிக் கேளேன், இன்னாத்துக்கு என் பேர்*

விளக்கு. வாசல். மழை. பேர்.

அதே சொற்கள். அதே வரிசை.

வேதகிரிக்குக் காது மடல் சூடானது. பயத்தில் இல்லை. கடைசி அடி சரியான இடத்தில் குத்தியிருந்தது. இந்த விதி தெரிந்தவன் யார்? அவருடைய வகுப்பு வாசலில் நின்று ஒட்டுக்கேட்கிறவன் யார்? பேச்சு வழக்கில் எழுதிவிட்டால் கவிதை என்று நினைக்கிறவன் யார்?

எல்லப்பன்.

"வாடா, வா" என்று வாய்விட்டுச் சொன்னார். படம் எடுத்துக்கொண்டார், நோட்டிலும் எழுதிக்கொண்டார். இரண்டாவது பாட்டைச் சுவரிலேயே நேராக எழுதினார்.

*இரவெல்லாம் தலையணையை நனைக்கிறது கண்ணீர்*
*பாதி இடம் வெறுமையாய்க் கிடக்கிறது பாய்*
*என் மொழியை அறிந்ததெல்லாம் இந்த ஒற்றைச் சுவர்*
*எண்ணி எண்ணித் தேய்கிறது விரல்களில் நாள்*

எழுதிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். மணி 2.05. வரப்பில் மாசிலாமணி வந்தார். கையில் மண்வெட்டி. கொட்டகையைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கமாகப் போனவர் நின்றுவிட்டார். குரல் வேதகிரியின் முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. நடுவில் சுவர் இல்லாததுபோல அவ்வளவு தெளிவாக வந்தது.

"இன்னா சார், வெயில்ல குந்திக்கினு கீறீங்க? இந்தாண்ட நெழலுக்கு வாங்க சார்."

"நிழல்லதான்யா உட்கார்ந்திருக்கேன். சுவத்து ஓரமா."

மண்வெட்டியைத் தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது.

"எந்தச் செவுரு சார்?"

வேதகிரி நோட்டுக்குள் குனிந்துகொண்டார். இந்த ஆளுக்குத் திசையும் தெரியாது, நிழலும் தெரியாது, ஆறு ஏக்கர் மட்டும் தெரியும்.

"வெயிலு ஜாஸ்தி சார். சோறு துன்னீங்களா இல்லையா?" என்று முனகிக்கொண்டே மாசிலாமணி போய்விட்டார்.

மார்ச் 5, புதன். பகல் 1.50.

அன்று கல்லூரியில் ஒரு கூட்டம். வரத் தாமதமாகிவிட்டது. வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்த்தார். இரண்டாவது பாட்டுக்குக் கீழே சுவர் வெறுமையாக இருந்தது.

சிரித்துக்கொண்டார். "சரக்கு தீர்ந்துபோச்சா?"

உள்ளே போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். விழாவில் பாட்டை எந்த இடத்தில் நிறுத்தி வாசிப்பது என்று குறித்துக்கொண்டிருந்தார்.

2.16.

சத்தம் கேட்டது.

சளக்... சளக்...

சேற்றில் நடக்கிற சத்தம். கால் வைத்து, எடுத்து, வைத்து. ஒரே சீராக. நடவு வயலில் கேட்கிற சத்தம்.

சுற்றிலும் கதிர் பிடித்த பயிர். நடவு முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. வரப்பெல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

யாரோ வாய்க்காலில் இறங்குகிறார்கள் என்று நினைத்தார். ஊர் ஜனங்களுக்கு மதியத்தில் வேறு வேலை என்ன?

2.24.

சளக்... சளக்... இப்போது பக்கத்தில். சுவருக்கு அந்தப் பக்கம்.

2.31.

நின்றுவிட்டது.

முதுகில் ஈரம் ஏறியது. சட்டை ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்து உட்காரலாம் என்று நினைத்தார். அப்போதுதான் கவனித்தார்.

சுவர் அசைந்தது.

மெதுவாக... முன்னால் வந்தது. பின்னால் போனது.

முன்னால்... பின்னால்...

மூச்சு வாங்குவதுபோல.

2.38. அவர் அசையவில்லை. கண் மட்டும் தரைக்குப் போனது. தரையில் அவர் நிழல்.

நிழலுக்கு இரண்டு தலை இருந்தது.

ஒன்று அவருடையது. அதன் தோளையொட்டி இன்னொன்று. கொஞ்சம் தாழ்வாக. பின்பக்கம் கொண்டை முடிந்திருந்தது.

அவர் தலையை இடதுபக்கம் சாய்த்தார். ஒரு தலை சாய்ந்தது.

இன்னொன்று சாயவில்லை.

அது திரும்பியது.

மெதுவாக... பக்கவாட்டில்... மூக்கு தெரிந்தது. உதடு தெரிந்தது.

2.46.

"ஹூக்கும்..."

பிடரிக்குப் பக்கத்தில். மூக்கால் விடுகிற சத்தம். பெண்கள், பேசவும் தகுதியில்லாத ஆளைப் பார்த்து விடுவார்களே, அந்தச் சத்தம்.

2.47.

எழுந்தார்.

திரும்பினார்.

சுவரில் எழுத்து இருந்தது. கரி ஈரமாக வழிந்துகொண்டிருந்தது.

*சேத்துல நின்ன காலைக் கேளு, எது வேர்வை எது கண்ணீர்*
*ஒத்த ஆளு படுக்கவே பத்தல, எங்க பாதி விடும் பாய்*
*நீ சாஞ்சிக்கினு எழுதறது, நான் சாஞ்ச அதே சுவர்*
*எண்ணினது போதும் சார், இதோ வந்திடுச்சி நாள்*

படம் எடுத்தார். அதற்குப்பிறகுதான் ஓடினார். வண்டியை உதைத்தபோது ஒரு செருப்பு காலில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சசிரேகா அவர் முதுகைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னாங்க இது? எந்தச் சேத்துல போய்ப் படுத்தீங்க?"

சட்டையின் முதுகில் சேற்றுக்கறை. நடுவில் அகலமாக, மேலே உருண்டையாக ஒன்று. அவள் அன்றே சோப்புப் போட்டாள். போகவில்லை. வியாழக்கிழமை ஊறவைத்துத் தேய்த்தாள். போகவில்லை.

பயந்த மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேதகிரிக்குப் பயம் இரண்டு ராத்திரிக்குள் வேறொன்றாக மாறியது. மூச்சு, நிழல், சத்தம் எல்லாம் வெயில் மயக்கம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். எழுத்து? எழுத்து பொய் சொல்லாது. எழுதியது எல்லப்பன். அல்லது அவன் அனுப்பிய மாணவன். சத்தமும் அவன் ஏற்பாடாகத்தான் இருக்கும். முதல்வர் பதவிக்காகப் பேய் வேஷம் போடவும் தயங்காதவன்.

அப்போது அவருக்கு அந்தச் சீனத்து அரசவை நினைவுக்கு வந்தது. அங்கே எதிரியை ஒழிக்க வாள் வேண்டியதில்லை. அவன் பாட்டை எடுத்து அரசர் முன்னால் வைத்து, "இதில் காய்ந்த மரம் என்று எழுதியிருப்பது யாரை என்று கேளுங்கள்" என்று சொன்னால் போதும். மற்றதை அரசர் பார்த்துக்கொள்வார். எத்தனை கவிஞர்கள் அப்படி நாடு கடத்தப்பட்டுப் பனிமலைக்குப் போயிருக்கிறார்கள்!

எண்ணெய் இல்லாத விளக்கு. எண்ணெய் யார்? தாளாளர். தாழ்ப்பாள் இல்லாத வாசல் எது? கல்லூரி. கூரைக்குக் கீழே குந்தியிருப்பது யார்?

கைப்பேசியில் ஆதாரம் இருந்தது. மொத்தம் மூன்று படம். விழா மேடையில் திறந்தால் போதும்.

மார்ச் 7, வெள்ளி. காலை 11.10. கல்லூரிக் கலையரங்கம்.

வேதகிரி பாட்டை வாசித்தார். நாலு பேர் கைதட்டினார்கள். தாளாளர் சந்தன மாலையோடு தலையாட்டினார். கண் கலங்கவில்லை.

"ஐயா, இந்தப் பாட்டுக்கு ஒரு பதிலும் வந்திருக்கிறது. தங்கள் உப்பைத் தின்பவர் ஒருவர் எழுதியது" என்று வேதகிரி தொண்டையைச் செருமினார். நோட்டிலிருந்து ஒவ்வொரு அடியாக வாசித்தார். முதல் அடிக்கே பின்வரிசை மாணவர்கள் நிமிர்ந்தார்கள். "கூரைக்குக் கீழ குந்திக்கினு கேக்குற" என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. கடைசி அடிக்கு அரங்கமே விசில் அடித்தது.

தாளாளர் மைக்கைப் பிடித்து இழுத்தார். "சார், சூப்பரா கீது சார்! உன் பேரைச் சொல்லிக் கேளுன்னு... அட, அட! பதவி கேட்டு வர்ற அத்தினி பேருக்கும் இதை எயுதி மாட்டணும். யாரு எயுதினது?"

வேதகிரி கையை நீட்டித் தடுத்தார். "ஐயா, இது தங்களைப் பழிக்கிற பாட்டு. உருவகம். எண்ணெய் என்றால்..."

"எண்ணைன்னா எண்ணை சார். யாரு எயுதினது, அதைச் சொல்லுங்க."

"எல்லப்பன்!"

எல்லப்பன் மேடையில் மூன்றாவது நாற்காலியில் இருந்தான். எழுந்து நின்றான். "நானா சார்?"

"மாசிலாமணி கொட்டகைச் சுவத்துல. திங்கள்கிழமையிலிருந்து. நான் படம் எடுத்து வெச்சிருக்கேன்" என்று வேதகிரி கைப்பேசியைத் திறந்தார். படங்களுக்குள் போனார். திரையைப் பார்க்காமலேயே தாளாளரிடம் நீட்டினார். கண் எல்லப்பனின் முகத்தில் இருந்தது.

தாளாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு படம் தள்ளினார். இன்னொன்று தள்ளினார்.

"இன்னா சார் இது?"

"அவர் கையெழுத்து, ஐயா."

"இது கோ அம்பத்தொண்ணு சார். நெல்லு. கதிரு வாங்கி பால் புடிச்சிக்கீது. இன்னும் இருபது நாள்ல அறுக்கலாம்."

மைக் திறந்தே இருந்தது. ஐந்நூறு பேர் கேட்டார்கள்.

வேதகிரி கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். மூன்று படம். மூன்றிலும் பச்சைப் பயிர். மேலே வானம். தேதி இருந்தது. நேரம் இருந்தது. 1.32... 12.44... 2.47...

சுவர் இல்லை.

எல்லப்பன் மெதுவாகத்தான் சொன்னான். அவனுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "சார், உங்க மதிய வகுப்பு எல்லாம் நான்தானே சார் எடுக்கறேன். திங்கள்ல இருந்து தினமும் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் எழுபது பசங்க முன்னாடி நின்னேன்."

"பாவம், வெயிலு" என்றார் தாளாளர். அந்த ஒரு சொல்லில் இருபத்தாறு வருடத்தையும் மடித்து ஓரமாக வைத்துவிட்டார். முதல்வராக எல்லப்பன் பெயரை 11.40க்கு அறிவித்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். வேதகிரி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு. காலை 9.15.

சசிரேகாதான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு வரலாம் என்று சொல்லித்தான் கிளம்ப வைத்தாள். மாசிலாமணியும் வந்தார்.

வாசலில் நின்று பார்த்தார்கள்.

கொட்டகைக்கு மூன்று சுவர்தான். மேற்கே திறந்து கிடந்தது. தரை முடிகிற இடத்தில் நேராகப் பயிர் ஆரம்பித்தது. காற்று வீசியது. அந்த விளிம்பில் ஒரு மேடு, மண்மூடிய செங்கல், அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக் கோரைப்புல். புல்லில் வேதகிரியின் கரித்துண்டு கிடந்தது. பக்கத்தில் செருப்பு.

"செவுரு எப்ப விழுந்ததுங்க?" என்று சசிரேகாதான் கேட்டாள்.

"ஒம்போது வருசம் ஆவுதும்மா. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு பெருமழை. டிசம்பர் ஒண்ணாந் தேதி. மூணு மணி ஆவ பத்து பன்னெண்டு நிமிசம் இருக்கும், தொப்புன்னு ஒரு சத்தம்." மாசிலாமணி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "உள்ள முனியம்மா இருந்தா. செவுத்துல சாஞ்சி குந்திக்கினு இருந்தவ மேலயே..."

முனியம்மாள் நடவு வேலைக்காரி. அவள் புருஷன் ஒரு கட்சிக்காரருக்குப் பின்னால் சுற்றினான். அந்தக் கட்சிக்காரருடைய தங்கையைக் கட்டிக்கொண்டால் ஒரு பதவி கிடைக்கும் என்றதும் இவளை விட்டுவிட்டுப் போனான். பதவி கிடைத்தது. இவள் வந்து இந்தக் கொட்டகையில் குடியிருந்தாள். மேற்குச் சுவருக்கு மட்டும் அவளே சுண்ணாம்பு அடித்தாள். மற்றதற்குச் சுண்ணாம்பு போதவில்லை.

"பாவம், அவன் வருவான்னு காத்துக்கிட்டு இருந்தாங்களா?" என்றாள் சசிரேகா.

"அய்யோ, அதைச் சொன்னா கிழிச்சிடுவாம்மா! ஊரே அப்பிடித்தான் சொல்லிச்சி. அவ இன்னா சொல்லுவா தெரியுமா? 'எவனுக்குடா நான் காத்துக்கினு கீறேன்? மயை வுட்டா நாத்து புடுங்கணும், அதுக்குக் குந்திக்கினு கீறேன்'னுவா. என்னை வெச்சி எவனும் அழுவக் கூடாதுன்னுவா."

வேதகிரி கரித்துண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவங்க... எழுதுவாங்களா?"

"எயுத்தா? கைநாட்டு சார். ஆனா நடவுல எதிர்ப்பாட்டு பாடுவா. அந்த வரிசைப் பொம்பள ஒருத்தி நாலு அடி பாடினா, அது எதுல எதுல முடிஞ்சிதோ அதுல அதுலயே முடிச்சி இவ திருப்பிப் பாடுவா. நாண்டுக்கினு சாவலாம் போல இருக்கும் கேக்கறவளுக்கு. நம்ம பக்கத்து நடவுல எல்லாம் அதானே சார் வழக்கம்? இவளை ஜெயிச்சவ இந்த ஏரிக்குக் கீழ ஒருத்தி கெடையாது."

அறுபது மைல் சுற்றளவில் ஆள் கிடையாது என்ற பெருமை, வேதகிரிக்கு அந்த இடத்தில் நின்றுபோனது.

அவர் தரையைப் பார்த்தார். திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் அவர் உட்கார்ந்த இடம் புழுதியில் அச்சாகத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு சாண் தள்ளி அந்த மேடுதான்.

மூன்று நாளும் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார். முழுப் பாரத்தையும் கொடுத்து. காலை நீட்டி.

வீட்டுக்கு வந்ததும் சசிரேகா கொடியில் கிடந்த அந்தச் சட்டையை எடுத்தாள். மூன்றாவது தடவை துவைத்தும் கறை அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். வேதகிரியும் பார்த்தார்.

நடுவில் அகலமாக இருந்தது, ஒரு முதுகு. இரண்டு பக்கமும் சரிந்து இறங்கியது, தோள். கழுத்துப் பட்டைக்குக் கீழே உருண்டையாக இருந்தது...

கொண்டை.

அவர் முதுகோடு முதுகு வைத்து, ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்திருந்த அச்சு.